நெஞ்செலும்பின் பின்னே ஒரு தமனி

நுழையும்முன்

நெஞ்சுவலி என்று வீட்டில் ஒருவர் சொன்னால், திருப்பதியிலும் சித்தூரிலும் வாழும் தமிழ்க் குடும்பத்தார் பலர் முதலில் கேட்கும் கேள்வி, ‘ஸ்விம்ஸா, வேலூரா?’ என்பதுதான். இதய அறுவை சிகிச்சை முடிந்து திரும்பிய பெரியவர் ஒருவரை நீங்களும் பார்த்திருக்கக்கூடும். அவருடைய மார்பின் நடுவே நீண்டதொரு தழும்பு இருக்கும். சிலருக்குக் காலிலும் ஒரு தழும்பு இருக்கும். நோய் இதயத்தில் இருக்க, காலில் தழும்பு ஏன்? இவ்வினாவிற்கு விடை காண, நம் ஒவ்வொருவருடைய நெஞ்செலும்பின் பின்புறமும் ஓடுகின்ற மெல்லிய குருதிக்குழாய் ஒன்றின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

பாடம்

இதயத்திலிருந்து குருதியை வெளியே கொண்டுசெல்லும் குழாய் தமனி எனப்படும். குருதியை இதயத்திற்குத் திரும்பக் கொண்டுவரும் குழாய் சிரை எனப்படும். பள்ளியில் தெலுங்கு கற்கும் உங்களுக்கு இச்சொற்கள் புதியவை அல்ல. அங்கும் இவை ‘தமனி’, ‘சிர’ என்றே வழங்குகின்றன. ஆனால் இதயத்தைத் தெலுங்கில் ‘குண்டெ’ என்பர். தமிழில் ‘நெஞ்சு’ என்னும் ஒரே சொல் மார்பையும் குறிக்கும், மனத்தையும் குறிக்கும்.

இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை துடிக்கிறது. அதன் அறைகளில் எந்நேரமும் குருதி நிறைந்திருக்கிறது. ஆயினும் அக்குருதியை இதயத்தின் தடித்த தசை நேரடியாக உறிஞ்சிக்கொள்வதில்லை. இது வியப்பாகத் தோன்றலாம். சித்தூர்ப் பகுதியின் ஏரிகளை நினைத்துப் பாருங்கள். ஏரி நிரம்பியிருந்தாலும் மதகும் வாய்க்காலும் இல்லையெனில் கரைக்கு அடுத்த வயலும் காய்ந்தே கிடக்கும். இதயத்தின் நிலையும் அத்தகையதே. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் அடியிலேயே இரண்டு சிறு தமனிகள் கிளைக்கின்றன. அவை இதயத்தின் மேற்பரப்பில் படர்ந்து, அதன் தசைக்குக் குருதியை ஊட்டுகின்றன. இவற்றை இதயத்தமனிகள் என்றும் கரோனரி தமனிகள் என்றும் கூறுவர். இடப்பக்கத் தமனியின் ஒரு கிளை இதயத்தின் முன்புறமாகக் கீழிறங்குகிறது. இதயத்தசையின் பெரும்பகுதி இந்த ஒரு கிளையை நம்பியிருப்பதால், இதில் அடைப்பு ஏற்படுவது மிகவும் ஆபத்தானது.

இக்குழாய்களின் உட்சுவரில் ஆண்டுக்கணக்காகக் கொழுப்புப் படிந்து வழி குறுகினால், நடக்கும்போதும் படியேறும்போதும் நெஞ்சு இறுக்கி வலிக்கும். வழி முற்றிலும் அடைபட்டால் அப்பகுதித் தசை இறக்கத் தொடங்கும். இதுவே மாரடைப்பு.

அடைபட்ட இடத்தைத் தாண்டிக் குருதியைக் கொண்டுசேர்க்க ஒரு மாற்றுவழி அமைத்தால் என்ன? ஊருக்குள் நெரிசல் மிகுந்தால் ஊருக்கு வெளியே புறவழிச்சாலை போடுவதைப் போன்ற எண்ணம் இது. மக்கள் ‘பைபாஸ்’ என்று சொல்லும் அறுவை சிகிச்சையின் கருத்து இவ்வளவே. கருத்து எளிது. சாலை போடுவதற்கான குழாயை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் தொல்லை தொடங்கியது.

அதற்கு உரிய குழாய் இதயத்தின் அருகிலேயே இருந்தது. கழுத்தின் கீழே உள்ள காறை எலும்பின் அடியில் ஒரு தமனி செல்கிறது. அதிலிருந்து ஒரு கிளை பிரிந்து, நெஞ்செலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, விலா எலும்புகளின் முன்முனைகளுக்குப் பின்னால் நேராகக் கீழிறங்குகிறது. இதுவே உள்மார்புத் தமனி. இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு உண்டு. அகலம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். மார்புச் சுவருக்கும் நெஞ்செலும்பிற்கும் குருதி அளிப்பது இதன் வேலை. அவ்வேலையில் பங்குகொள்ள வேறு தமனிகளும் இருப்பதால், இடப்பக்கத் தமனி ஒன்றை எடுத்துக்கொண்டாலும் பெரும்பாலும் மார்பு அதைத் தாங்கிக்கொள்ளும்.

இவ்வளவு அருகில் இருந்த தமனியைச் சரியாகப் பயன்படுத்த மருத்துவர்கள் நீண்டகாலம் முயன்றனர். முதலில் அதைக் கட்டினர், பிறகு புதைத்தனர், இறுதியில்தான் இணைத்தனர்.

கட்டியவர்கள் சொன்ன காரணம் கேட்பதற்குப் பொருத்தமாகவே இருந்தது. இந்தத் தமனியின் மேற்பகுதியிலிருந்து இதயத்தைச் சூழ்ந்த உறைக்கு ஒரு சிறு கிளை செல்கிறது. அக்கிளைக்குக் கீழே தமனியை நூலால் கட்டிவிட்டால், தடைபட்ட குருதி அக்கிளை வழியே பாய்ந்து இதயத்தைச் சென்றடையும் என்று இத்தாலிய மருத்துவர் ஃபியேஸ்கி 1939ஆம் ஆண்டு எண்ணினார். 1950களில் இம்முறை அமெரிக்காவில் பரவியது. மார்பைப் பிளக்க வேண்டியதில்லை. தோலில் சிறு கீறலும் இரண்டு முடிச்சுகளும் போதும். நோயாளிகளும் வலி குறைந்தது என்று மகிழ்ந்தனர். வேறென்ன சான்று வேண்டும்?

சியாட்டில் நகரில் லியோனார்டு காப் என்னும் மருத்துவர், வேறு சான்று வேண்டும் என்றார். அவரும் அவருடைய குழுவினரும் 17 நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தனர். அனைவருக்கும் தோலைக் கீறித் தமனியை வெளிப்படுத்தினர். அதன் பின்னரே, கட்டுவதா விடுவதா என்று குறித்த சீட்டு அறுவை மருத்துவரிடம் தரப்பட்டது. சீட்டின்படி 8 பேருக்குத் தமனி கட்டப்பட்டது. 9 பேருக்குக் கட்டாமலேயே தோல் தைக்கப்பட்டது. யாருக்கு எது நடந்தது என்பது நோயாளிக்கும் தெரியாது. பின்னர் அவரைச் சோதித்த மருத்துவருக்கும் தெரியாது. முடிவு 1959ஆம் ஆண்டு வெளிவந்தது. கட்டப்பட்டவர்களைப் போலவே கட்டப்படாதவர்களும் வலி குறைந்தது என்றே கூறினர்! அடுத்த ஆண்டில் கேன்சஸ் நகரிலிருந்து டைமண்டு என்பவர் 18 நோயாளிகளிடம் செய்த சோதனையும் அவ்வாறே முடிந்தது. நலம் தந்தது முடிச்சன்று. சிகிச்சை நடந்தது என்னும் நம்பிக்கையே. அம்முறை விரைவில் கைவிடப்பட்டது.

இச்சோதனையைப் பாராட்டும்போது ஒன்றை மறந்துவிடலாகாது. தம் உடலில் வெறும் கீறல் மட்டுமே நிகழக்கூடும் என்று அந்நோயாளிகளுக்குச் சொல்லப்படவில்லை. இன்று அவர்களுடைய முழு ஒப்புதல் இன்றி அத்தகைய சோதனை நடத்த இயலாது. அவ்வாறு இயலாதிருப்பதே முறை. ஆனால் அச்சோதனை நடவாதிருந்தால், பயனற்ற முடிச்சை இன்னும் எத்தனை பேருக்குப் போட்டிருப்பார்கள்!

தமனியைப் புதைத்தவர் கனடாவின் மான்ட்ரியல் நகரைச் சேர்ந்த ஆர்தர் வைன்பெர்க். அவர் உள்மார்புத் தமனியின் கீழ்முனையை விடுவித்து, இதயத்தசையில் ஒரு சுரங்கம் குடைந்து, அதனுள் தமனியை வைத்தார். நாற்று நட்டால் வேர் பிடிப்பது போல, நாளடைவில் தமனியிலிருந்து தசைக்குள் புதிய சிறு குழாய்கள் தோன்றும் என்பது அவர் நம்பிக்கை. 1950ஆம் ஆண்டு மனிதருக்கு முதன்முதலாக இதைச் செய்தார். உடன் பணியாற்றிய பலர் நம்பவில்லை. 1962ஆம் ஆண்டு, கிளீவ்லாந்து மருத்துவமனையின் மேசன் சோன்ஸ், குருதிக்குழாய்களுக்குள் மருந்தைச் செலுத்தி ஊடுகதிர்ப் படம் எடுத்தார். வைன்பெர்க் பல ஆண்டுகளுக்கு முன் புதைத்த தமனி திறந்திருந்து, குருதியைத் தசைக்குள் கொண்டுசெல்வது அப்படத்தில் தெரிந்தது. எனினும் வேர் பிடிக்கப் பல வாரங்கள் ஆகும். அடைப்பு முற்றிய நோயாளியால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியுமா?

காத்திருக்கத் தேவையில்லாத வழி, தமனியின் முனையை அடைபட்ட இதயத்தமனியோடு நேராக இணைப்பதாகும். 1960ஆம் ஆண்டு நியூயார்க்கில் ராபர்ட் கெட்ஸ் ஓர் உலோக வளையத்தின் உதவியால் இவ்வாறு இணைத்தார். 1964ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள், லெனின்கிராடு நகரில் வசிலி கோலெசொவ், துடித்துக்கொண்டிருந்த இதயத்தின் மீதே உள்மார்புத் தமனியை நூலால் தைத்து இணைத்தார். அவருடைய நாட்டு இதயநோய் அறிஞர்களோ, இதயத்தமனி நோய்க்கு அறுவை சிகிச்சை செய்ய இயலாது, அதற்கு எதிர்காலமும் இல்லை என்று தீர்மானம் இயற்றினர்!

இனி, காலில் உள்ள தழும்பிற்கு வருவோம். 1967ஆம் ஆண்டு அர்ஜென்டினா நாட்டு மருத்துவர் ரெனே ஃபவலோரோ, கிளீவ்லாந்து மருத்துவமனையில் காலின் சிரையை எடுத்து மாற்றுவழி அமைத்தார். கால் சிரை நீளமானது, எடுப்பது எளிது, அகலமானதால் தைப்பதும் எளிது. ஆகவே உலகெங்கும் மருத்துவர்கள் அதனையே நாடினர். சிரைக்குள் குருதி திரும்பிச் செல்லாதவாறு தடுக்கும் ஒருவழிக் கதவுகள் உண்டு. அதனால் சிரையைத் தலைகீழாகத் திருப்பித்தான் பொருத்துவார்கள். திருப்ப மறந்தால் அக்கதவுகளே வழியை அடைத்துவிடும்.

அடுத்த ஆண்டே நியூயார்க்கில் ஜார்ஜ் கிரீன், நுண்ணோக்கியின் துணையோடு உள்மார்புத் தமனியை இதயத்தின் முன்புறக் கிளையோடு இணைத்துக் காட்டினார். ஆயினும் பெரும்பாலோர் சிரையையே விரும்பினர். 2 மில்லிமீட்டர் குழாயை மார்புச் சுவரிலிருந்து காயம்படாமல் பிரித்தெடுக்கப் பொறுமையும் நேரமும் வேண்டும். தொட்டால் சுருங்கும் இயல்பும் அதற்கு உண்டு. பாப்பவெரின் என்னும் மருந்தை அதன்மேல் சொட்டிச் சுருக்கத்தை நீக்குவர். தலைமுடியினும் மெல்லிய நூலால் தைக்க வேண்டும். பத்து ஆண்டுகள் கழித்து எது திறந்திருக்கும் என்பதை அன்று எவரும் பார்த்திருக்கவில்லை.

காலம் விடை சொன்னது. 1986ஆம் ஆண்டு கிளீவ்லாந்தின் ஃபிளாய்டு லூப்பும் குழுவினரும் 5,931 நோயாளிகளின் வரலாற்றை ஆராய்ந்து வெளியிட்டனர். அவர்களுள் 2,306 பேருக்கு இதயத்தின் முன்புறக் கிளையில் உள்மார்புத் தமனி இணைக்கப்பட்டிருந்தது. 3,625 பேருக்குச் சிரை மட்டுமே. பத்தாண்டுக் காலத்தில், சிரை மட்டும் பெற்றவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 1.61 மடங்கு மிகுதியாக இருந்தது. அதன்பின் முன்புறக் கிளைக்கு உள்மார்புத் தமனியே உரியது என்பது வழக்காயிற்று. மற்றக் கிளைகளுக்குக் கால் சிரை இன்றும் பயன்படுகிறது. மார்பிலும் காலிலும் தழும்பு உள்ள பெரியவரின் இதயத்தில் பெரும்பாலும் இரண்டும் இருக்கும்.

ஒரே உடலில், ஒரே இதயத்தில், சிரை அடைபடத் தமனி மட்டும் எவ்வாறு நிலைக்கிறது? இரண்டும் பிறந்து வளர்ந்த இடங்களே வேறு. சிரை குறைந்த அழுத்தத்திற்குப் பழகியது. அதைத் தமனியின் இடத்தில் வைத்தால், பழக்கமில்லாத வேகத்தோடு குருதி வந்து மோத, அதன் சுவர் தடித்துக் குறுகுகிறது. உள்மார்புத் தமனியோ பிறந்தது முதல் அந்த அழுத்தத்தைத் தாங்குவது. அதன் உட்சுவரில் உள்ள மீள்தன்மை கொண்ட படலம் இடைவெளி இன்றி நெருக்கமானது. கொழுப்பும் தசைச் செல்களும் உள்ளே நுழைய எளிதில் இடம் தராது. உட்சுவர்ச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்னும் பொருளை மிகுதியாகச் சுரந்து, குழாயை விரித்து வைக்கின்றன. குருதி உறைவதையும் தடுக்கின்றன. இவற்றுக்கு மேலாக, அதன் மேல்முனை வெட்டப்படுவதே இல்லை. வேரை விட்டுவிட்டுக் கீழ்முனையை மட்டும் வளைத்து இதயத்தில் தைக்கின்றனர். எனவே பிடுங்கி நட்ட செடியாக இல்லாமல், தாய்க்கொடியோடு சேர்ந்தே இருந்து வேறிடத்தில் வேரூன்றும் பதியம் போல அது வாழ்கிறது. இவ்வாறு இணைத்த தமனிகளில் பத்துக்கு ஒன்பது பத்தாண்டுகளுக்குப் பின்னும் திறந்திருக்கின்றன. மருத்துவர்கள் தம்முள் பேசும்போது இடப்பக்கத் தமனியை ‘லிமா’ என்று செல்லப்பெயர் போலச் சுருக்கி அழைப்பார்கள்.

இவ்வறிவு நம் பகுதிக்கு வந்த வழியும் அறியத்தக்கது. சித்தூரிலிருந்து வேலூர் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். இன்று இடையே மாநில எல்லை இருக்கிறது. 1911ஆம் ஆண்டுவரை சித்தூரே வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. வேலூர் அம்மாவட்டத்தின் ஓர் ஊர். வேலூரில் ஐடா ஸ்கடர் தொடங்கிய கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், அமெரிக்க அறுவை மருத்துவர் ரீவ் பெட்ஸ் 1949ஆம் ஆண்டு மார்பு அறுவைத் துறையை நிறுவினார். இந்தியாவில் இவ்வகைத் துறைகளுள் அதுவே முதலாவது. இதயத்தைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சையை இந்நாட்டில் தொடக்கக் காலத்திலேயே செய்தவர்களுள் ஒருவரான என். கோபிநாத் அங்கே பணிபுரிந்தவர்.

வேலூரில் விரிவுரையாளராகப் பணியாற்றிய மற்றொருவர் கே. எம். செரியன். கேரளத்தில் பிறந்த அவர், ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இதய அறுவை பயின்று திரும்பினார். 1975ஆம் ஆண்டு அவர் இந்தியாவின் முதல் இதயத்தமனி மாற்றுவழி அறுவை சிகிச்சையைச் செய்தது, பெரிய ஆராய்ச்சி நிறுவனத்தில் அன்று. சென்னை பெரம்பூரில், இரயில்வே தொழிலாளர்களுக்காக நடத்தப்பட்ட மருத்துவமனையில். திருப்பதியிலிருந்து சென்னைக்குச் செல்லும் இரயில்கள் அரக்கோணம், திருவள்ளூர் கடந்து பெரம்பூர் வழியாகத்தான் செல்கின்றன. அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது சன்னல் வழியே அந்த நிலையத்தின் பெயரைப் பாருங்கள்.

திருப்பதியில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் உருவான ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனம் 1993ஆம் ஆண்டு சிகிச்சையைத் தொடங்கி, 1995ஆம் ஆண்டு பல்கலைக்கழக நிலை பெற்றது. இதனையே மக்கள் ‘ஸ்விம்ஸ்’ என்கின்றனர். இதய, மார்பு அறுவைத் துறை அங்கு உள்ளது. 2007ஆம் ஆண்டு ஆந்திர அரசு தொடங்கிய ஆரோக்கியஸ்ரீ திட்டத்தால், ஏழைக் குடும்பத்தாரும் இதய அறுவை சிகிச்சையை நாட வழி பிறந்தது. நிலத்தை விற்றுச் சிகிச்சை செய்த காலத்தை அறிந்தவர்களுக்கே அதன் அருமை புரியும்.

ஓர் உள்மார்புத் தமனி இவ்வளவு நன்மை தருமாயின், வலப்பக்கத்தில் உள்ளதையும் எடுத்து இணைத்தால் இருமடங்கு நன்மை கிடைக்காதா? இது நியாயமான கேள்வி. ஆனால் நெஞ்செலும்பிற்குக் குருதி அளிப்பவை இவ்விரு தமனிகள் அல்லவா? இரண்டையும் எடுத்துவிட்டால், அறுவையின்போது பிளந்த நெஞ்செலும்பு ஆறத் தாமதமாகலாம். நீரிழிவு உள்ளவர்க்கு இவ்வச்சம் மிகுதி. கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கும் காரணத்தை மட்டும் நம்பலாகாது என்பதைத்தான் அந்தப் பழைய முடிச்சு கற்றுக்கொடுத்திருந்ததே! ஆகவே இந்தியா உள்ளிட்ட 7 நாடுகளின் 28 மருத்துவமனைகளில் 3,102 நோயாளிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு ஒரு தமனி, மற்றப் பிரிவினர்க்கு இரண்டு. இம்முறை நோயாளிகள் அனைவரும் அறிந்து ஒப்புதல் அளித்திருந்தனர். பத்தாண்டுகள் காத்திருந்து 2019ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். இறந்தவர்கள், இரு தமனிப் பிரிவில் நூற்றுக்கு 20.3 பேர், ஒரு தமனிப் பிரிவில் 21.2 பேர். உறுதியாக வேறுபாடு என்று சொல்லத்தக்க அளவு அன்று. நெஞ்செலும்புக் காயம் ஆறாத தொல்லையோ இரு தமனிப் பிரிவில் மிகுதியாக இருந்தது. இளவயது நோயாளிகளுக்கு இரண்டாவது தமனியால் நன்மை உண்டா என்னும் ஆராய்ச்சி இன்னும் நடைபெறுகிறது.

சொற்பொருள்

குருதி – இரத்தம்
விரற்கடை – ஒரு விரலின் அகலம்
காறை எலும்பு – கழுத்தின் அடியில் தோள்வரை செல்லும் எலும்பு
மதகு – ஏரியிலிருந்து நீரைத் திறந்துவிடும் வாயில்
பதியம் – தாய்ச்செடியிலிருந்து வெட்டாமலேயே கிளையை மண்ணில் பதித்து வேர்விடச் செய்தல்

பயிற்சி

1. பிரித்து எழுதுக: நெஞ்செலும்பு, குருதிக்குழாய், புறவழிச்சாலை.
2. இதயத்திற்கும் ஏரிக்கும் பாடத்தில் காட்டப்பட்ட ஒப்புமையை உம் சொற்களில் எழுதுக.
3. கால் சிரையைத் திருப்பிப் பொருத்துவது ஏன்?
4. காப் நடத்திய சோதனையில், சீட்டைத் தோலைக் கீறிய பின்னரே கொடுத்தனர். முன்னரே கொடுத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? வகுப்பில் கலந்துரையாடுக.
5. கண், மூக்கு, செவி, கால், பல் ஆகியவற்றைத் தெலுங்கில் எவ்வாறு கூறுவர்? இரு மொழிச் சொற்களையும் அருகருகே எழுதி, ஒத்திருப்பவற்றை அடிக்கோடிடுக.
6. உங்கள் வீட்டிலோ தெருவிலோ இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெரியவர் இருப்பின், அவர் விரும்பினால் மட்டும், சிகிச்சைக்கு எந்த ஊருக்குச் சென்றார், அங்கு எந்தெந்த மொழிகளில் பேசினார் என்று கேட்டு, பத்து வரிகளில் எழுதுக.